ஆறு தறி ஓடுதுங்க

எனக்கு மன்னிக்கும் பழக்கம் கிடையாது. விட்டுத்தள்ளு, விட்டுத்தள்ளு என்று அம்மா எத்தனையோ முறை சொல்லிவிட்டாள். மற்றதையெல்லாம் விட்டுத்தள்ளியிருக்கிறேன். பஸ்ஸில் இடித்தவனை, பரீட்சையில் என்னைப் பார்த்து எழுதி என்னைவிட அதிகம் வாங்கியவளை, கல்யாணத்துக்கு அழைக்காத சொந்தக்காரர்களை. முதலாளியை மட்டும் விடவில்லை. அவருக்கு ஒருநாள் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று பல வருடங்கள் காத்திருந்தேன். எப்படிக் கொடுத்தேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். கடைசியில் கொடுத்தது நான் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

எங்கள் வீடு கே.ஜி.கண்டிகையில், பஸ் நிற்கும் இடத்திலிருந்து உள்ளே போகும் தெருவில். வீட்டை ஒட்டி ஷீட் போட்ட ஒரு கொட்டகை, அதில் ஆறு பவர்லூம் தறிகள். லுங்கி நெய்கிற தறிகள். தறி முதலாளியுடையது, நூல் முதலாளியுடையது, கொட்டகையும் அவர் போட்டதுதான். நைனாவும் அம்மாவும் கூலிக்கு ஓட்டினார்கள். முதலாளிக்குத் திருத்தணி பஜாரில் நூல் கடை. சனிக்கிழமைதோறும் வண்டியில் வந்து, நெய்து வைத்ததை விரித்துப் பார்த்து, ஒரு குறையாவது கண்டுபிடித்துவிட்டுத்தான் கிளம்புவார்.

பி.காம். முடித்ததும் சென்னையில் ஒரு நல்ல கல்லூரியில் எனக்கு எம்.பி.ஏ. ஃபைனான்ஸ் கிடைத்தது. எங்கள் பக்கத்தில் ஃபைனான்ஸ் என்றால் தண்டலும் வாரவட்டியும்தான். "இன்னாப்பா, பொண்ணு வட்டிக்கு வுடப் போவுதா?" என்று டீக்கடையில் நைனாவைக் கேட்டார்களாம். எனக்கு வேண்டியிருந்த வேலை வேறு. ஒரு கம்பெனியின் கணக்கை முன்னால் வைத்துக்கொண்டு, இது கடனைக் கட்டுமா, கவிழுமா என்று சொல்கிற வேலை. கல்லூரியில் ஒரு ஆசிரியை அப்படி ஒரு உத்தியோகம் இருக்கிறது என்று சொன்ன நாளிலிருந்து எனக்கு அதே நினைப்பு. ஆனால் சென்னைக் கல்லூரியின் கட்டணத்தைக் கேட்டதும் அம்மா எழுந்து போய் அடுப்பைப் பார்த்தாள்.

அரசு உதவித்தொகை ஒன்று இருந்தது. கட்டணம் முழுவதும் அதிலேயே போய்விடும். மார்க் இருந்தது, சாதிச் சான்று இருந்தது, வருமானச் சான்று மட்டும் பாக்கி. விண்ணப்பித்தேன். விசாரணைக்கு வி.ஏ.ஓ. வந்தார். வந்த நாள் சனிக்கிழமை.

அன்று கொட்டகையில் மூன்று பேர் இருந்தார்கள். நைனா, லுங்கி பார்க்க வந்திருந்த முதலாளி, இன்னொருவர் நகரியிலிருந்து வந்த தூரத்துச் சொந்தக்காரர். அவர் எதற்கு வந்தார் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. அவருக்குக் கல்யாண வயதில் ஒரு மகன் இருந்தான், எங்கள் வீட்டில் நான் இருந்தேன், அவ்வளவுதான். நான் காபி கொண்டுபோனபோது வி.ஏ.ஓ. வண்டியை நிறுத்திவிட்டு உள்ளே வந்தார். நல்ல மனிதர். மரியாதையாகத்தான் கேட்டார்.

"இன்னா தொழில் செய்றீங்க?"

நைனா நகரிக்காரரைப் பார்த்தார். பிறகு தறிகளைப் பார்த்தார். தோள் துண்டை எடுத்து உதறிப் போட்டுக்கொண்டார்.

"நமக்கு இன்னாங்க, ஆறு தறி ஓடுது."

"சொந்தத் தறிங்களா?"

"ஆங்."

அந்த ஒரு 'ஆங்' போதும். வி.ஏ.ஓ. எழுதிக்கொண்டார். ஆறு தறிகளும் தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தன, வேறு சாட்சி வேண்டுமா? நான் முதலாளியைப் பார்த்தேன். அவருக்குத் தெரியும். ஒவ்வொரு தறியையும் எந்த விலைக்கு வாங்கினார் என்பதுவரை தெரியும். நகரிக்காரர் முன்னால் நைனாவை விட்டுக்கொடுக்க வேண்டாம். வி.ஏ.ஓ. வண்டி வரைக்கும் கூடவே நடந்துபோய், "சார், அது என் தறி, இவங்க கூலிக்காரங்க" என்று காதோடு சொல்லியிருக்கலாம். அவர் ஒரு லுங்கியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, அதற்குப் பின்னாலிருந்து சிரித்தார். துணி மெல்லியது, சிரிப்பு தெரிந்தது.

சான்று வந்தது. அதில் இருந்த வருமானம் எங்கள் வீட்டில் யாரும் கண்ணால் பார்த்திராத வருமானம். திருத்திக் கேட்டு மனு எழுதி அலைவதற்குள் உதவித்தொகைக்குக் கடைசித் தேதி தாண்டிவிட்டது. நகரிக்காரர் அதற்குப் பிறகு வரவே இல்லை. நைனா இரண்டு நாள் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள், "கூலின்னு சொல்ல வாய் வரலம்மா" என்றார். அவர்மேல் எனக்குக் கோபம் வந்தது, இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் அவர் பெருமைக்காகப் பொய் சொன்னார், இன்னொருவர் வேடிக்கைக்காகச் சும்மா இருந்தார். இரண்டையும் ஒன்றாக வைக்க எனக்கு மனம் வரவில்லை.

அடுத்த சனிக்கிழமை முதலாளியே பேச்சை எடுத்தார். அவர் பெயரில் ஒரு அறக்கட்டளை இருக்கிறதாம். ஆடிக் கிருத்திகைக்கு மேடை போட்டு மேல்படிப்புக்கு உதவித்தொகை கொடுப்பாராம். "நம்ம பொண்ணு படிக்கட்டும்பா. ஒரு பாஸ்போர்ட் சைஸ் போட்டோ மட்டும் குடுத்தனுப்பு" என்றார். நைனா கும்பிட்டார். நான் போட்டோ கொடுத்தேன். வேறு வழி இல்லை. கல்லூரியில் சேரப் பத்து நாள்தான் இருந்தது.

ஆடிக் கிருத்திகைக்கு முந்தைய நாள் பஸ்ஸிலிருந்து இறங்கியவள் அப்படியே நின்றுவிட்டேன். திருத்தணி பஸ் ஸ்டாண்டு எதிரில், ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்கு ஒரு ப்ளெக்ஸ். மேலே முதலாளி கைகூப்பிக்கொண்டு நிற்கிறார். கீழே ஓரத்தில் ஒரு முட்டை வட்டம். வட்டத்துக்குள் என் முகம். பக்கத்தில் எழுத்து: 'வறுமையின் பிடியில் வாடும் தறிக் கூலியின் மகளுக்குக் கல்விக்கண் திறந்த வள்ளலே!'

ஊரெல்லாம் காவடி. மலைக்குப் போகிற ஜனம் முழுக்க அந்த வழியாகத்தான் போகும். ஆந்திரா பக்கத்திலிருந்து வந்த ஒரு அம்மாள், தமிழ் படிக்கத் தெரியாமல் பக்கத்தில் நின்றவரைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, "அய்யோ, பாபம்" என்று சொல்லி என் படத்தைப் பார்த்து உச்சுக் கொட்டினாள். நான் அவளுக்கு இரண்டடி தள்ளி நின்றுகொண்டிருந்தேன். துப்பட்டாவை முகத்தில் சுற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

கூலி என்ற சொல்லை ஒரே ஒரு ஆளிடம் சொல்ல முடியாமல் நைனா என் அரசு உதவித்தொகையையே விட்டார். அந்தச் சொல்லை முதலாளி ஊர் முழுக்கப் படிக்கும்படி எழுதி வைத்தார். நைனா கூலிக்காரர் என்பது வி.ஏ.ஓ. முன்னால் அவர் வாயில் வரவில்லை, ப்ளெக்ஸில் மட்டும் நன்றாக வந்தது. அன்றிலிருந்து நைனா பஜாருக்குப் போனால் பஸ் ஸ்டாண்டு வழியாகப் போகமாட்டார். சைக்கிளை ரயில்வே ஸ்டேஷன் பக்கம் திருப்பிச் சுற்றிக்கொண்டு போவார். திருவிழா முடிந்து ப்ளெக்ஸை எடுத்த பிறகும் அப்படித்தான் போனார். கேட்டால், "அந்தாண்ட ரோடு நல்லா கீது" என்பார். அந்த ரோடு நன்றாக இருந்ததே இல்லை.

மேடையில் நான் குனிந்து வாங்கினேன். குனிந்தபோது எனக்குள் ஒன்று முடிவானது. இதை நான் திருப்பிக் கொடுக்காமல் விடமாட்டேன்.

அந்தப் பணம் என்ன செய்தது என்று கேட்டால், எல்லாம் செய்தது. இதில் நான் பொய் சொல்லப்போவதில்லை. முதல் வருடக் கட்டணம் அதில்தான் போனது. வருமானச் சான்றைத் திருத்தி வாங்கிய பிறகு இரண்டாம் வருடத்துக்கு அரசு உதவித்தொகையும் கிடைத்தது, மேடை இல்லாமல், மாலை இல்லாமல், நேராக வங்கிக் கணக்குக்கு. உடன் படித்தவர்களில் பாதிப் பேர் மாலையில் எங்கேயாவது வேலைக்கு ஓடினார்கள். நான் மின்சார ரயிலில் திருத்தணியிலிருந்து போய்வந்த நேரத்தையெல்லாம் படிப்புக்கே கொடுத்தேன். கோடை விடுமுறையில் ஒரு நிறுவனம் சம்பளம் இல்லாத பயிற்சி கொடுத்தது. சம்பளம் இல்லை என்றதும் மற்றவர்கள் கழன்றுகொண்டார்கள், கட்டணக் கவலை இல்லாத நான் சேர்ந்தேன். அங்கேதான் கம்பெனிகளைப் படிக்கக் கற்றேன், அதே இடத்தில்தான் பிறகு வேலையும் கிடைத்தது. உதவித்தொகை ஒரு ஏழைக்குக் கொடுப்பது பணத்தைவிட நேரத்தை. அந்த நேரத்தில் நான் பாலன்ஸ் ஷீட் படித்தேன், நடுநடுவே முதலாளியையும் நினைத்துக்கொண்டேன்.

நினைக்காமல் இருக்கவும் முடியாது. எங்கள் பக்கத்தில் திருவிழா முடிந்த ப்ளெக்ஸை யாரும் குப்பையில் போடுவதில்லை. வைக்கோல் போருக்கு மூடி, குளியலறைக்கு மறைப்பு, கூரைக்கு மேல்விரிப்பு என்று எங்கேயாவது போய்ச் சேரும். என் ப்ளெக்ஸ் கே.ஜி.கண்டிகை ரோட்டோரம் ஒரு எருமைக் கொட்டகைக்குக் கூரையானது. பஸ் ஜன்னலில் உட்கார்ந்தால் தெரியும். என் முகம் தலைகீழாக, நெற்றியில் ஒரு செங்கல்லோடு. இரண்டு வருடம் போகும்போதும் வரும்போதும் அதைப் பார்த்தேன். மழையில் முதலாளியின் முகம் சீக்கிரம் வெளுத்துவிட்டது, என் முகம்தான் கடைசிவரை நின்றது.

வேலை கிடைத்து முதல் போனஸ் வந்ததும், அவர் கொடுத்த தொகையை வங்கி வட்டியோடு கவரில் போட்டுக்கொண்டு ஆடிக் கிருத்திகை மேடைக்கே போனேன். எல்லோர் முன்னாலும் கொடுத்து, "நமக்குள்ள கணக்கு தீர்ந்துச்சுங்க" என்று சொல்லிவிட்டு இறங்க வேண்டும் என்பது என் திட்டம். வாக்கியத்தை ரயிலில் பலமுறை சொல்லிப் பார்த்திருந்தேன். அவர் கவரை வாங்கினார். மைக்கைப் பிடித்தார்.

"பாருங்க, நான் படிக்க வச்ச பொண்ணு! இன்னிக்கு நம்ம அறக்கட்டளைக்கே நன்கொடை தருது!"

கைத்தட்டல். போட்டோ. என் வாக்கியத்தைச் சொல்ல மைக்கும் இல்லை, நேரமும் இல்லை. அடுத்த வருட ப்ளெக்ஸில் என் வட்டம் முன்பைவிடப் பெரிதாக இருந்தது. நைனா அந்த வருடமும் ஸ்டேஷன் பக்கமாகத்தான் போனார். இவ்வளவு படித்தவள் இப்படி ஏமாந்தேன்.

அப்புறம்தான் நிதானமாக யோசித்தேன். கம்பெனிகளை நான் எப்படிப் படிக்கிறேனோ அப்படி முதலாளியைப் படித்தேன். இவரிடம் பணம் இருக்கிறது, நூல் இருக்கிறது, மேடை இருக்கிறது. இவருக்கு எது இல்லாமல் முடியாது? யோசித்தபோது சிரிப்பு வந்துவிட்டது. ஒரு ஏழை. வட்டத்துக்குள் வைக்க ஒரு முகம். அதை நிறுத்திவிட்டால் போதும்.

எங்கள் தெருவிலும் சுற்றுப்புறத்திலும் வணிகவியல் முடித்து ஃபைனான்ஸ் மேல்படிப்புக்கு ஆசைப்படும் பிள்ளைகள் வருடத்துக்கு இரண்டு மூன்று பேர்தான். என்னை வைத்துப் பேர் வாங்கியதிலிருந்து முதலாளி அந்தப் படிப்புக்குத்தான் கொடுத்துவந்தார், அவர்களில் ஒருவர் அவர் மேடைக்குப் போவது வழக்கமாகியிருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டு முன்னறையில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு உட்கார ஆரம்பித்தேன். அரசு உதவித்தொகை, பல்கலைக்கழக உதவித்தொகை, வங்கிகளும் கம்பெனிகளும் கொடுப்பது என்று தேடித்தேடி ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலைந்துக்கு விண்ணப்பம் போட்டோம். நேர்முகத்தில் என்ன கேட்பார்கள், 'எதிர்காலத் திட்டம்' என்ற பகுதியில் ஊரில் எல்லோரும் எழுதுகிற 'சமூக சேவை'யை விட்டுவிட்டு உண்மையான ஆசையை எப்படி எழுதுவது என்றெல்லாம் சொல்லிக்கொடுத்தேன். என்னை நல்லவள் என்று யாரும் நினைக்க வேண்டாம். ஒவ்வொரு விண்ணப்பத்தையும் அனுப்பும் பட்டனை அழுத்தும்போது முதலாளியின் முகம்தான் என் கண்முன் இருந்தது.

ஒரே சிக்கல் அப்பாக்கள். பிள்ளைகள் எல்லாவற்றையும் சரியாகச் செய்துவிடுவார்கள், விசாரணைக்கு ஆள் வந்ததும் அப்பா துண்டை உதறிப் போட்டுக்கொண்டு வாயைத் திறப்பார். பக்கத்தில் ஒரு சம்பந்தி நின்றால் போச்சு. இதை எப்படிச் சரிசெய்வது என்று நான் விழித்துக்கொண்டிருந்தபோது, மூலையில் உட்கார்ந்திருந்த நைனா எழுந்து வந்தார். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். காதில் ஒரு பேனாவைச் செருகிக்கொண்டார்.

"நான்தான் வி.ஏ.ஓ. சொல்லுப்பா. தறி யாருது?"

எதிரே, மகளோடு வந்து உட்கார்ந்திருந்த ஒரு அப்பா நெளிந்தார். "நம்முதுதான்னு வச்சிக்கங்களேன்."

"வச்சிக்க முடியாது. யாருது?"

"முதலாளியுதுங்க."

"நீ யாரு?"

"நானு... தறி பாத்துகினு கீறேன்."

"பாத்துகினு இல்லப்பா. கூலி. சொல்லு. கூலிக்கு ஓட்றேன்னு சொல்லு. நான் சொல்லாம வுட்டதாலதான் எம்பொண்ணு அவன் மேடையில போய் குனிஞ்சிது. உம்பொண்ணு குனியணுமா?"

அறையில் யாரும் சிரிக்கவில்லை. அந்த அப்பா சொன்னார். முதலில் மெதுவாக, நைனா மறுபடி கேட்டதும் சத்தமாக. அந்தச் சொல்லை நைனா நாலு பேர் முன்னால் சொல்லி நான் கேட்டது அன்றுதான் முதல் தடவை. சமையலறையில் அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். வெங்காயம் என்றாள்.

மூன்றாவது வருடம் முதலாளியிடம் யாருமே போகவில்லை. அந்த வருடம் எங்களிடம் இருந்தது ஒரே ஒரு பெண், எங்கள் பின்தெருவில் கூலிக்குத் தறி ஓட்டுபவரின் மகள். அவளுக்கு உதவித்தொகை உறுதியாகிவிட்டது, ஆனால் பணம் வரத் தாமதம், கட்டணத்துக்குத் தேதி நெருங்கிவிட்டது. "அக்கா, முதலாளி கிட்ட போவட்டுமா? மேடைல நின்னா நின்னுட்டு போறேன். எனக்கு சீட்டு போயிடக் கூடாதுக்கா" என்றாள். அவள் சொன்னது நியாயம். ஆனாலும் மூன்று வருடமாகக் கட்டியதை இவள் ஒரு நாளில் இடித்துவிடுவாளே என்றுதான் முதலில் தோன்றியது, அவள் சீட்டு இரண்டாவதாகத்தான் தோன்றியது. அன்றே என் கையிலிருந்து அவள் கல்லூரிக்குக் கட்டினேன். அவளுக்காகக் கட்டினாயா, வன்மத்துக்காகக் கட்டினாயா என்று கேட்டால், வன்மத்துக்காகத்தான். ரசீதைப் பார்த்து அவள் அழுதாள். எனக்குக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது, ஆனால் மனம் மாறவில்லை.

ஆடிக் கிருத்திகைக்கு நான்கு நாள் இருக்கும்போது முதலாளி எங்கள் வீட்டுக்கே வந்தார். இத்தனை வருடத்தில் கொட்டகையைத் தாண்டி வீட்டுக்குள் அவர் கால் வைத்தது கிடையாது. அம்மா பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். வயதாகிவிட்டிருந்தது அவருக்கு. உட்காரும்போது முட்டியைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னாம்மா, ஊர்ல ஏழைங்களே இல்லாம பண்ணிட்ட போல கீதே" என்று சிரிக்கப் பார்த்தார். நான் சிரிக்கவில்லை. அவர் செல்போனை எடுத்துக் காட்டினார். ப்ளெக்ஸ் தயாராகி அச்சுக்குப் போக நிற்கிறது. மேலே அவர் கைகூப்பிக்கொண்டு. கீழே முட்டை வட்டம். உள்ளே ஒன்றும் இல்லை, வெறும் வெள்ளை.

"பெரிய மனுஷங்கள கூப்ட்டாச்சி. பந்தல் போட்டாச்சி. பின்தெருவுல ஒரு பொண்ணு கீதாமே, ஃபைனான்ஸ் படிக்கப் போவுதாமே. ரொம்ப கஷ்டப்படற குடும்பம். அவங்கப்பன கேட்டா உன்ன கேக்கச் சொல்றான். ஒரு போட்டோ வாங்கிக் குடும்மா."

நான் எத்தனையோ வருடமாகத் தயார் செய்து வைத்திருந்த வாக்கியங்கள் எல்லாம் ஒரே நேரத்தில் வாய்க்கு வந்து முட்டிக்கொண்டன. எதைச் சொல்வது என்று தெரியாமல் வாயைத் திறந்தேன். அதற்குள் நைனா பேசிவிட்டார். அவர் கதவோரம் நின்றுகொண்டிருந்தார். தோள் துண்டை எடுத்தார். உதறினார். போட்டுக்கொண்டார்.

"அந்தப் பொண்ணுங்களா முதலாளி? அவங்களுக்கு இன்னாங்க கஷ்டம்? ஆறு தறி ஓடுதுங்க."

முதலாளி நைனாவைப் பார்த்தார்.

"சொந்தத் தறிங்க" என்றார் நைனா.

பின்தெருவில் இருக்கும் அந்தத் தறிகளும் முதலாளியுடையவைதான். அவருக்குத் தெரியும். நைனாவுக்குத் தெரியும் என்பதும் அவருக்குத் தெரியும். பொய் என்று சொல்லலாம். சொன்னால், அன்றைக்கு வி.ஏ.ஓ. முன்னால் ஏன் சொல்லவில்லை என்ற கேள்வி அந்த அறையிலேயே நின்றுகொண்டிருந்தது. இந்த முறை முகத்தை மறைத்துக்கொள்ள அவர் கையில் லுங்கி இல்லை. அம்மா வைத்த காபியைக் குடிக்காமல் எழுந்தார், செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு போனார். அம்மா அந்தக் காபியைக் கொட்டவில்லை, நைனாவிடமே கொடுத்தாள்.

ஆடிக் கிருத்திகையன்று காலை நைனா சட்டை மாற்றிக்கொண்டு, "வா, டவுனுக்குப் போயிட்டு வரலாம்" என்றார். பஸ்ஸில் போனோம். பஸ் ஸ்டாண்டிலேயே இறங்கினார். எதிரில் ப்ளெக்ஸ் இருந்தது. வட்டத்துக்குள் யாரும் கிடைக்காமல் ஒரு தாமரைப் பூவைப் போட்டு நிரப்பியிருந்தார்கள். பக்கத்தில் அதே பழைய எழுத்து, ஒரு எழுத்துகூட மாற்றாமல். படத்தோடு சேர்த்துப் படித்தால், வறுமையின் பிடியில் வாடும் தாமரைக்குக் கல்விக்கண் திறந்த வள்ளல் மேலே கைகூப்பிக்கொண்டு நின்றார். காவடியோடு போன இரண்டு பேர் நின்று படித்துவிட்டுச் சிரித்துக்கொண்டே மலைக்குப் போனார்கள்.

நைனா ப்ளெக்ஸுக்கு நேர் கீழே இருந்த டீக்கடையில் போய் நின்றார். இத்தனை வருடம் சுற்றிப் போன இடம் அது. டீயை வாங்கி, ஊதி ஊதி, அவசரமே இல்லாமல் குடித்தார். நடுவில் ஒருமுறை அண்ணாந்து பார்த்தார். கடைக்காரர் தெரிந்தவர் போல, "இன்னாப்பா, ஆளையே காணோம் இந்தப் பக்கம்?" என்று கேட்டார்.

"அந்தாண்ட ரோடு நல்லா இல்லப்பா" என்றார் நைனா. கிளாஸை நீட்டி, "இன்னொண்ணு போடு" என்றார்.